புது வண்டியின் முதலாளி

"சக்கரம் கோணலா நிக்குதுடா. கண்ணை எங்க வச்சிருக்க?"

லௌடோகா பஸ் நிலையத்தில் புது பார்பிக்யூ வண்டி போட்ட முதல் நாள். பழைய தகரத்தை வெட்டி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து வண்டியைக் கட்டியவன் வைசாகே. ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தவர் செவனாயா. மூடிப்போன தையல் ஆலையில் அவனை வருஷக்கணக்காக விரட்டிய மேஸ்திரி.

"தீயைக் குறைடா! ஆட்டுக்கறி கருகுது!"

"சரிங்கய்யா."

"மரவள்ளி எங்க? ஆளுங்க நிக்கிறது தெரியல?"

"இதோ ஆச்சுங்கய்யா."

வைசாகே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். காலையிலிருந்து அவன் உட்காரவே இல்லை.

கூட்டம் குறைந்ததும், தட்டோடு நின்ற பஸ் டிரைவர் போலா அவனை ஓரமாக இழுத்தான்.

"மச்சான், ஆலையை மூடினப்போ இந்தாளு தொல்லை விட்டுச்சுன்னு சொன்னியே. மறுபடியும் இவர்கிட்டயே மாட்டிக்கிட்டியா? நாளைக்கே வேலையை விட்டுட்டு வா."

"எப்படி விடறது? வண்டி என்னோடது."

போலா மெல்லுவதை நிறுத்தினான். "அப்போ இவரு?"

"காசு வாங்கிப்போட நான் வச்ச ஆளு."

"சம்பளமும் குடுத்து திட்டும் வாங்குறியா? பைத்தியமாடா உனக்கு?"

வைசாகே முகத்தைத் துடைத்தான். "போன மாசம் அவர் வீட்டுக்குப் போனேன் மச்சான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சொல்றதை அங்க யாரும் கேக்குறதில்ல. சோறு இறங்காம பாதி ஆளாயிட்டார். இன்னைக்குக் காலையில இருந்து என்னைப் பார்த்துக் கத்துறார். மத்தியானம் ரெண்டு தட்டு சாப்பிட்டார்."

"அங்க என்னடா கதை? சாஸேஜைத் திருப்பு!"

"வந்துட்டேங்கய்யா!" என்று முதலாளி ஓடினான்.