யாரும் கேட்காத கார்

“அப்பா, நம்ம காரு மாதிரி இன்னொன்னு ஏன் ரோட்டுல வரவே மாட்டேங்குது?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். இன்று கார் வியாபாரி பதில் சொல்கிறார். “அண்ணே, இந்தக் கம்பெனி பேரே யாருக்கும் தெரியாது. நான் எடுக்கலன்னா உடைக்கத்தான் போகும்.” காலை வெயிலில் கார் கழுவிய முகத்தோடு நிற்கிறது. “ஏழு வருஷத்துல ஒரே தடவதான் நின்னுச்சு தம்பி” என்கிறார் அப்பா. “பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கீங்களே! சரி, உங்களுக்காக எடுத்துக்குறேன்.” சிரித்தபடி வியாபாரி புது வண்டியின் சாவி எடுக்க உள்ளே போகிறார். பிழைக்க வந்த இந்த நாட்டில், மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுதான் கார் நின்றது. இதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே மெக்கானிக்கின் எண்ணை, முன்பு ஓட்டிய யாரோ எழுதி டாஷ்போர்டுக்குள் விட்டுப்போயிருந்தார். கசங்கிய அந்தச் சீட்டைப் பார்த்து, அப்பா புதுத்தாளில் எண்ணைப் பெரிதாக எழுதுகிறார். ‘நல்ல மனிதர், கூப்பிட்டால் வருவார்’ என்று அடியில் சேர்த்து உள்ளே வைத்து, சத்தமில்லாமல் மூடுகிறார்.