இன்னொரு பேர்

கண்டிக் கோயிலில் காலை வெயில் கற்பூரப் புகைக்குள் சாய்ந்து விழுகிறது. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் கலாராணி ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. "எனக்கு மாப்பிள்ளை பார்க்காதீங்கம்மா. நான் விரும்புறது ஒரு பொண்ணை, கேம்பஸ்ல கூடப் படிக்கிற அனற்ங்கிறவளை" என்று மகள் தர்ஷிகா சொன்னது அப்போதுதான். "பேரு, நட்சத்திரம்?" என்கிறார் ஐயர். "தர்ஷிகா, சதயம்." தட்டை நீட்டிய கலாராணியின் கை அதை விடவில்லை. "இன்னொரு பேர் இருக்கு சாமி. ஏன்டி, அவளுக்கு என்ன நட்சத்திரம்?" பக்கத்தில் நிற்கும் தர்ஷிகா அம்மாவின் காதருகே குனிகிறாள். "அவ வேதக்காரப் பொண்ணும்மா, சர்ச்சுக்குப் போறவ. அதெல்லாம் பார்க்க மாட்டாங்க." "அது வேறயா!" தேங்காய்க் குடுமியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுகிறது. "பொறந்த தேதியாச்சும் தெரியுமில்ல? சொல்லு, ஐயர் பஞ்சாங்கத்துல பார்ப்பாரு."