மூன்றாவது வடம்

அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன அந்தச் சிறிய விமானந்தாங்கியில் டெல்பர்ட்டுக்கு இரண்டு வேலைகள். தளத்தின் குறுக்கே கட்டிய வடங்களில் ஒன்று, இறங்கும் விமானத்தின் வால்கொக்கியைப் பிடித்து நிறுத்தியதும் ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்ற வேண்டும். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி நிற்கும்வரை யாரையும் அதன் முன்னால் போகவிடக் கூடாது.

முந்தின நாள் மூடுபனியில் விமானி ரம்ஸி தளத்தைத் தேடி மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, நீர்மூழ்கிக்குப் பயந்து கேப்டன் ஹாலோவே விளக்குகளை அணைத்துக் கப்பலைத் திருப்பிவிட்டார். ரம்ஸி வரவில்லை. டெல்பர்ட் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று காலை, காலித் தளத்தில் மூன்றாவது வடம் ஏதோ வால்கொக்கி மாட்டியதுபோல் முன்பக்கமாக இழுபட்டு விறைத்து நின்றது. தளரவே இல்லை.

கேப்டன் இறங்கி வந்தார். "என்னடா வேடிக்கை பாக்குற? போய்க் கழட்டு!"

"நீங்க விட்டுட்டு வந்த ஆளு சார். நீங்களே கழட்டுங்க."

"உன்னைச் சிறையில தள்ளுறேன் பாரு! இங்க என்னடா இருக்கு?" என்று கத்திக்கொண்டே, முன்பக்கத்திலிருந்து வடத்தை நோக்கி நடந்தார் கேப்டன்.

தடுக்க வேண்டிய டெல்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கேப்டனின் தொப்பி தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து, அவருக்கு எதிரே இரண்டு துண்டாக விழுந்தது. அவர் அப்படியே நின்றார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றான் டெல்பர்ட். "இன்னும் ஒரு அடி வைங்க சார்."