பதிமூணாவது அட்டை

"பரிமளம் அக்கா, துஷாந்தி கைக்குள்ள என்னத்தப் பொத்தி வச்சிருக்கா?"

"தெரியலயே மிஸ்."

அக்காவுக்குத் தெரியும். முகத்தத் திருப்பிக்கிட்டாங்களே!

பதுளைக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். விசேட தேவையுள்ள பிள்ளைங்க வகுப்புக்கு நான் கொலேஜ்ல இருந்து ஆசிரியர் பயிற்சிக்கு வந்த மாணவி. பரிமளம் அக்கா அங்க உதவியாளர்.

துஷாந்திக்கு ஒம்பது வயசு. பேச்சு வராது. அவளுக்குன்னு பன்னெண்டு பட அட்டை செஞ்சு குடுத்திருந்தேன். தண்ணி, சோறு, டொய்லெட், பாட்டு... வேணுங்கிறதத் தொட்டுக் காட்டுனா போதும்.

அவ விரலப் பிரிச்சுப் பார்த்தேன். பிஸ்கட் பெட்டியில வெட்டுன அட்டைத் துண்டு. அதுல நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூடெக்ஸ்ல ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன கூத்து?"

"வேணாங்கிறதுக்குங்க மிஸ். நாந்தான் செஞ்சு குடுத்தேன்."

"துஷாந்தி, எழுதலாமா?"

பெருக்கல் குறியக் காட்டுனா.

"பாட்டு?"

மறுபடியும் அதேதான். சிரிப்பு வேற!

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "பிள்ளையக் கெடுத்து வச்சிருக்கீங்க அக்கா! நாளைக்கு என் பயிற்சியப் பார்த்துப் புள்ளி போட கொலேஜ் மேடம் வாராங்க. அவங்ககிட்டயும் இத நீட்டுனா என் கதி?"

"அதுகிட்ட இருந்துட்டுப் போகட்டுமே மிஸ்..."

"நான் மூணு வருசமா இதத்தான் படிக்கிறேன். எனக்கே பாடமா?"

புடுங்கி என் பேக்ல போட்டுட்டேன்.

மறுநாள் மேடம் வந்தாங்க. நான் செவுத்துல ஒட்டியிருந்த சார்ட்ட சத்தமா வாசிச்சாங்க. "பிள்ளையின் விருப்பத்துக்கு மதிப்பளிப்போம். வெரி குட்!"

அப்படியே துஷாந்தி பக்கம் குனிஞ்சு, "அச்சோ, செல்லம்!"னு கன்னத்தப் புடிச்சுக் கிள்ளுனாங்க.

அவ பின்னால நகர்ந்தா. மேடம் விடல.

துஷாந்தி அட்டைங்கள அள்ளி ஒவ்வொண்ணாப் பெரட்டுனா. தண்ணி... சோறு... பாட்டு... பன்னெண்டையும் பார்த்துட்டு வீசி எறிஞ்சா. மேடம் கையில ஒரே கடி!

"ஐயோ! கடிக்கிற பிள்ளையா இது? வகுப்புல வச்சிருக்கவே கூடாது. எழுதுங்க ரிப்போட்ல!"

பரிமளம் அக்கா என்னையே பார்த்தாங்க.

"எழுத மாட்டேன் மேடம். அவ தேடுனது என் பேக்ல இருக்கு."

அட்டைய எடுத்துத் துஷாந்திகிட்ட குடுத்தேன். மேடத்துக்குக் காட்டுவான்னு நெனச்சேன்.

எனக்குத்தான் காட்டுனா.