ஆள் வேண்டாத மிஷின்

சிவபாண்டியும் அவன் மனைவியும் பேசியதை அவன் சொல்லித்தான் கேட்டேன்; அது அப்படியே நினைவில் இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆஸ்பத்திரி டோக்கன் மிஷினுக்கு அதை இயக்கும் ஓ.எஸ். எதைப் போடுவது என்று, அந்த மிஷினைச் செய்யும் கப்பலூர் கம்பெனியில் சிவபாண்டியைத்தான் முடிவெடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"லினக்ஸ்னா கரண்டு போயி வந்ததும் தானா எந்திரிச்சிரும். பழைய சிஸ்டம்னா பக்கத்துல ஆளு இருந்து பாஸ்வேர்டு அடிக்கணும்," என்றான் மனைவியிடம்.

"இதுக்கா ஒரு வாரமா சோறு எறங்கல? லினக்ஸே போடுங்க," என்றாள் முத்துமீனா.

"பழசே இருக்கட்டுமே."

அவள் தட்டைக் கழுவி வைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு நீ கேக்கவே இல்லையே," என்றான்.

"தெரியும். டோக்கன் குடுக்குற எங்கள போன வாரமே கூப்பிட்டு, மிஷின் வந்தா வேலை இல்லன்னு சொல்லிட்டாக."

"ஆளு வேணும்னா ஒன்னைய வச்சுக்கிருவாகள்ல."

"அதுக்காகக் காய்ச்சக்காரங்கள காக்க வைக்கவா?"

லினக்ஸே போட்டார்கள். மிஷின் இன்றும் ஓடுகிறது. சிவபாண்டி கப்பலூரில்தான் இருக்கிறான். முத்துமீனா திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள்.