கதவும் குழாயும்

மருமகளின் கை சுத்தத்தை அளக்கத் தணிகாசலம் மெஷின் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லவேளை, அவரே என்னையும் எதிர்வீட்டுக் கனகவல்லியையும் கூப்பிட்டார். கக்கூஸ் கதவில் ஒரு கவுன்ட்டர், வெளியே கைகழுவும் குழாயில் இன்னொன்று, இரண்டையும் இணைத்து ஓர் ஒயர். கதவு திறந்து மூடினால்தான் குழாய்க் கவுன்ட்டருக்கு உயிர் வருமாம். சும்மா முகம் கழுவினால் எண்ணாதாம். ஒரு பெண் போய்வருவதற்கு ஒயர் இழுத்துவிட்டு, அதைப் பல்லிளித்துக்கொண்டு விளக்குகிறார் மனிதர்.

“காலையில எழுந்ததும் ரெண்டையும் சைபராக்கினேன். இப்ப பாருங்கம்மா, கதவு நாலு, குழாய் சைபர். இந்தக் கையாலதான் சமைக்கிறா. அம்மா வீட்டுக்கே அனுப்பிடணும். துபாய்க்குப் போன் போடறேன், என் பையன்கிட்ட நீங்கதான் சாட்சி சொல்லணும்.”

“மேகலா எங்க?” என்றாள் கனகவல்லி.

“நைட் டூட்டி முடிஞ்சு வந்து ரூம்ல தூங்கறா.”

எங்களுக்கு ஆளுக்கொரு சூடு ஆறாத ரவாலட்டு கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். வாசல் கேட் திறந்தது. நர்ஸ் உடுப்போடு மேகலா உள்ளே வந்தாள்.

“மாத்திவிட ஆள் வரலை மாமா. நேத்து சாயங்காலம் போனவளை இப்பதான் விட்டாங்க.”

வீட்டில் வேறு யாரும் கிடையாது. போனில் பையன் “சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா” என்றுகொண்டிருந்தான். கனகவல்லி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேகலா கவுன்ட்டரைப் பார்த்தாள். எங்கள் வாயைப் பார்த்தாள்.

“இந்த லட்டு யாரு உருட்டினது அக்கா?” என்றாள்.