பாதிவிலை அக்காவின் கைப்பை

பாதிவிலை அக்கா படியேறி வரும்போதே, தோளில் தொங்கிய புதுக் கைப்பையின் பிடியில் வாயை வைத்து, நூல் பிசிறு ஒன்றைக் கடித்துத் துப்பினாள். நடைபாதைச் சரக்கு, பிசிறு இல்லாமலா இருக்கும்?

"முந்நூறு," என்றாள், தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. "ஆயிரத்துல ஆரம்பிச்சான். நான் விடுவேனா?"

தம்பி வங்கியில் காசாளர். ஊரார் பணத்தையே இரண்டு தடவை எண்ணுகிறவர், சொந்தப் பணத்தைச் சும்மா விடுவாரா? பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அங்கே நின்றது அவர் மனைவி. அக்காவுக்குப் 'பாதிவிலை' என்று பெயர் வைத்த எங்கள் குடியிருப்பு, இவளுக்கு வைத்த பெயர் 'சொன்னவிலை'. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் இவள் பர்ஸைத் திறந்துவிடுவாள்.

அவர்கள் மகள் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறாள், அவளுக்கும் ஒரு பை வேண்டும். காசாளர் முந்நூறை எண்ணி மனைவி கையில் வைத்தார். இதே மாதிரிப் பை, இதே விலை. வாங்கத் தெரியவில்லை என்றால், அடுத்த மாதத்திலிருந்து வீட்டுச் செலவுப் பணம் அக்கா கைக்குப் போய்விடும் என்றார். மேல்மாடியில் குடியிருக்கும் அக்கா, பாவம், பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி ஒரு தீப்பெட்டிக்கும் மாடியேறிப் போய்க் கை நீட்ட வேண்டும். சொன்னவிலை பர்ஸை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

முந்நூறோடு அவள் பர்ஸில் இன்னொரு பணமும் இருந்தது, உள்ளறையில் தனியாக. கண்ணாடியின் பவர் மாறிப்போய், ஊசியில் நூல் கோர்க்கவே மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. புதுக் கண்ணாடிக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

நடைபாதையில் அவள் முந்நூறு என்றதும் முதல் கடைக்காரர் உடனே சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, பிறகு இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

"அந்த விலைக்கு வாரை மட்டும் அறுத்துத் தரேன்மா. தோள்ல மாட்டிட்டுப் போங்க."

அடுத்த கடையில் நாத்தனார் சொல்லிக்கொடுத்த வித்தையைச் செய்து பார்த்தாள். விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தால் பின்னாலேயே கூப்பிடுவார்களாம். நடந்தாள். மெதுவாக நடந்தாள். சீப்பு விற்கிறவரிடம் நின்று வேண்டாத சீப்புகளைப் புரட்டினாள். ஒரு குரலும் வரவில்லை. தெருமுனைவரை போய், வெட்கத்தை விட்டுத் திரும்பியும் வந்தாள்.

"எண்ணூறுக்குக் கீழ கட்டுப்படியாகாதும்மா," என்றார் கடைக்காரர், இரக்கப்பட்டு. "வெயில்ல அலையாதீங்க."

அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. எதிரே இருந்த மாலுக்குள், கொஞ்சம் குளிர்ச்சியாக நிற்கலாம் என்று நுழைந்தாள். நுழைந்தவள் கண்ணில் அதுவா பட வேண்டும்? அதே கறுப்பு, அதே பித்தளை வளையம், நாத்தனார் பைக்கு உடன்பிறப்பு போல ஒன்று.

விலை கேட்க வேண்டியதில்லை, சீட்டில் தொங்கியது. ஆயிரத்து நானூறு. குறைத்துக் கேட்கவும் வழியில்லை, கேட்டால் சிரிக்கவும் ஆளில்லை. முந்நூறும் போய், பர்ஸின் உள்ளறையில் ஐம்பது ரூபாய்தான் மிஞ்சியது.

அப்புறம் செய்ததெல்லாம் முதல் தடவை திருடுகிறவர்கள் செய்கிற காரியம். கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விலைச் சீட்டைப் பிய்த்தாள். ரசீதைக் கிழித்தாள். கடைக்காரர்கள் கொடுத்த பளபளப்பான உறையைக் குப்பைக் கூடையில் அமுக்கினாள். வெளியே வந்ததும் நடைபாதைப் புழுதியில் பையின் அடிப்பக்கத்தை இரண்டு தேய் தேய்த்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டில், தீர்ப்புச் சொல்ல அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு?" என்றார் காசாளர்.

"இருநூத்தி ஐம்பது."

வாயில் அதுதான் வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மீதி என்று ஐம்பதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதுவும் கண்ணாடிப் பணத்தில் மிஞ்சியதுதான்.

பாதிவிலையின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போனது. கையை நீட்டிப் பையை வாங்கினாள். வாரை இழுத்துப் பார்த்தாள், உள்துணியைத் தடவினாள், வளையத்தைச் சுண்டினாள். பிடிக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அவள் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பிறகுதான் சொன்னவிலையின் கண்ணுக்கே அது தெரிந்தது. விலைச் சீட்டைக் கோர்த்திருந்த பிளாஸ்டிக் முள். முடி கனத்தில், நிறமே இல்லாமல், பிடியில் குத்தி நின்றது. நடைபாதையில் எந்தக் கடைக்காரர் இப்படிச் சீட்டுக் கட்டி விற்கிறார்?

"என்னக்கா, ஏமாந்துட்டு வந்துட்டாளா?" என்றார் காசாளர், எதிர்பார்த்தது போல.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"நல்லாத்தான்டா வாங்கியிருக்கா. செலவுப் பணம் அவகிட்டயே இருக்கட்டும். போய் எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

காசாளர் நம்ப முடியாமல் எழுந்து உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் பாதிவிலை அக்கா பையின் பிடியை வாய்க்குக் கொண்டுபோய், முள்ளை ஒரே கடியில் கடித்து ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"படியேறும்போதே இதைக் கடிச்சுத் துப்பிடணும்," என்றாள் காதோடு காதாக. "அப்புறம், என் விலைக்குக் கீழ மட்டும் இறங்காதம்மா. நமக்குக் கட்டுப்படியாகாது."